சுமைதாங்கியும் கூர்முனையும்

வழிநடப்போர் தலைச்சுமையை இறக்கி இளைப்பாறுதற்கென்று சாலையோரத்தில் கல் நாட்டியவர் நம் முன்னோர். கருவுற்ற நிலையில் உயிர்நீத்த மங்கையர் நினைவாகச் சுமைதாங்கி எழுப்புவதும் நம் நாட்டு வழக்கமே. வீட்டுத் திண்ணையும் வழிப்போக்கர் இரவு தங்கும் இடமாக விளங்கிற்று; எல்லாச் சாதியார்க்கும் அது இடந்தரவில்லை என்பதும் உண்மையே.

இன்று நாம் வாழும் மும்பையிலோ, யாரும் இளைப்பாறலாகாது என்றே அமைக்கும் கட்டட வேலைகளைக் காண்கின்றோம். கடைவாயில் விளிம்பிலே கூரிய இரும்பு முனைகள். படுக்கவொண்ணாதபடி நடுவே கைப்பிடி வைத்த இருக்கைகள். அமர்ந்தால் சறுக்கும் சாய்வுத் திட்டுகள். 2018 மார்ச்சில் கோட்டைப் பகுதியில் வங்கிக் கிளை ஒன்றின் வாயிலருகே இத்தகைய முனைகள் பதிக்கப்பட்டிருந்தன. மக்கள் கண்டித்த பின்னர் அவை அகற்றப்பட்டன.

வீடற்றவரை விலக்கவே இவை என்பர். ஆயின் இரும்புக்கு ஆள் தெரியாது. மூச்சிரைக்கும் முதியவரையும், கருவுற்ற பெண்ணையும், வீடுதோறும் உணவு கொணரும் இளைஞரையும் அது ஒருங்கே விரட்டும். இருசக்கர வண்டி நுழையாதிருக்கப் பூங்கா வாயிலில் நெருக்கி நட்ட கம்பிகள், சக்கர நாற்காலியையும் தடுத்துவிடுகின்றன.

நம்மவர்க்கு இது புறக்கதையன்று. வறட்சியால் வேலையிழந்த சேலத்து உழவுத் தொழிலாளி ஒருவர் 1961-இல் பம்பாய்க்கு வந்தார். நடைபாதைக் குடிசையில் குடும்பத்தோடு வாழ்ந்தார். 1981 ஜூலையில் மாநகராட்சியார் அதனை இடித்து, அக்குடும்பத்தைச் சேலத்துக்குப் பேருந்தேற்றி அனுப்பினர். அவரோ பிழைப்பு நாடி மீண்டும் வந்தார். உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தோருள் அவரும் ஒருவர். ஓல்கா டெல்லிஸ் வழக்கு எனப் பெயர்பெற்ற அதில், பிழைப்புரிமை வாழ்வுரிமையின் கூறே என்று 1985 ஜூலை 10 அன்று தீர்ப்பாயிற்று. நடைபாதையிலேயே குடியிருக்கும் உரிமையை அத்தீர்ப்பு வழங்கவில்லை. எனினும், முன்னறிவிப்பின்றி எவரையும் அப்புறப்படுத்துவது முறையன்று என்பதை அது நிலைநாட்டிற்று.

அத்தகையோரின் மக்களும் பேரரும் நம்முள் உளர். இன்று நம்மில் பலர் அடுக்குமாடி வீட்டுக்கு உரியவர். குடியிருப்புச் சங்கக் குழுவிலும் இடம்பெற்றவர். மதிலோரத் திட்டில் கம்பி பதிக்கும் தீர்மானம் நம்முன் வருமாயின், கையுயர்த்துமுன் சற்றே சிந்திப்போம். நண்பகலில் அத்திட்டில் அமர்பவர் நம் வீட்டு வேலைக்கு வரும் அம்மையார், நம் வாயிற்காவலர். குப்பை சேருமெனின் பெருக்க ஏற்பாடு செய்வோம். இரவில் அச்சமெனின் விளக்கிடுவோம். அயர்ந்தவர் அமர ஒரு திட்டை விட்டுவைப்பதால் நம் குடியிருப்பின் மதிப்புக் குறைந்துவிடாது.