வெடிப்பொலிகளும் நரம்பு வலையமைப்பும்: யக்ஞநாராயணாவின் பங்களிப்பு

இந்திய மொழிகளின் பேச்சொலி ஆய்வில் செயற்கை நரம்பு வலையமைப்பை ஈடுபடுத்திய முன்னோடிகளுள் பய்யா யக்ஞநாராயணா குறிப்பிடத்தக்கவர். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்ற இவர், 1980 முதல் 2006 வரை சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றினார். இத்துறை பற்றிய இவரது பாடநூல் 1999இல் வெளிவந்தது. எனினும் மொழியியலாருக்கு அதனினும் பயன்தருவது, சி. சந்திர சேகருடன் இணைந்து 2002இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே எனலாம்.

வெடிப்பொலியும் உயிரும் சேர்ந்த அசைகளைக் கணிப்பொறி இனங்காண்பது எவ்வாறு என்பதே அதன் பொருள். ஒலிப்பிடம் நான்கு, ஒவ்வோர் இடத்திலும் குரலிலா ஒலி, குரலுடை ஒலி, அவ்விரண்டின் மூச்சொலிகள் என நான்கு, உயிர்கள் ஐந்து. ஆக 80 வகைகள். இவற்றுள் பல ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை. வேறுபாடு சில மில்லிநொடிகளில் அடங்கிவிடுகிறது. எண்பதையும் ஒரே வலையமைப்பிடம் ஒப்படைத்தால் அது தடுமாறும். எனவே ஒலிப்பிடம், ஒலிப்புமுறை, உயிர் என்னும் மூன்று அடிப்படைகளில் அசைகள் குழுக்களாகப் பகுக்கப்பெற்று, குழுவிற்கொரு சிறு வலையமைப்பு பயிற்றப்பட்டது. அவை தரும் சான்றுகளை மற்றொரு வலையமைப்பு ஒருங்கிணைக்கிறது. அதன் இணைப்பு எடைகளை அமைப்பதில் அசைகளின் ஒலியியல் ஒற்றுமை கருதப்பட்டது. தொல்காப்பியப் பிறப்பியலைப் பயின்றோர்க்கு இப்பகுப்பு புதிதன்று. அது பொறியின் உள்ளமைப்பாக்கப்பட்டதே புதிது.

ஆயின், இவ்வட்டவணை தமிழுக்கு அப்படியே பொருந்தாது. மூச்சொலிகள் தமிழுக்கு உரியவை அல்ல. எனவே பாதிக் கட்டங்கள் வெறுமையாகும். மறுபுறம், ‘பக்கம்’, ‘பங்கு’, ‘பகல்’ ஆகியவற்றில் ககரம் மூவகையாக ஒலிக்கிறது; மூன்றாவது வெடிப்பொலியே அன்று, உரசொலியை ஒட்டியது. அதற்கு அட்டவணையில் இடமில்லை.

1990களில் மைசூர் இந்திய மொழிகள் நடுவண் நிறுவனம் தமிழுக்குத் தொகுத்தது எழுத்துரை. எழுத்துரையில் இம்மூன்றும் ஒரே எழுத்து. பேச்சுப் பதிவுகளையும் முறையாகத் திரட்டும் பணி, அங்கு மொழித்தரவுக் கூட்டமைப்பு தோன்றிய பின்னரே விரிவுபெற்றது.

இன்றைய ஆழ்கற்றல் முறைகளில் இத்தகைய குழுப்பகுப்பை எவரும் கையால் வகுப்பதில்லை; பெருந்தரவிலிருந்து வலையமைப்பே வேறுபாடுகளைக் கற்றுக்கொள்கிறது. ககரத்தின் மூன்று ஒலிகளும் சொல்லில் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தவை; ஆகவே எளிதில் கற்கப்படும். கடன்சொற்களின் நிலை வேறு. ‘பாவம்’ என்னும் வடிவம் பழிச்செயலையும் குறிக்கும், நடனத்தின் மெய்ப்பாட்டையும் குறிக்கும். முன்னதன் பகரம் குரலிலா ஒலி. பின்னதில் பலர் குரலுடை ஒலியாக ஒலிப்பர். எழுத்தைப் பேச்சாக்கும் பொறிக்கு அங்கே துணையாவது சொல்லின் இடமன்று, சுற்றியுள்ள தொடரின் பொருள்.