காற்றிலிருந்து கரியை எடுக்க எத்தனை யூனிட்?

பெருங்குடியை ஒட்டிய சதுப்புநிலத்துக்கு அப்பால், பள்ளிக்கரணையில் தேசிய காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. எந்த ஊரில் எவ்வளவு காற்று வீசும் என்று நாட்டுக்கே அளந்து சொல்லும் இடம். காற்றில் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டே, காற்றில் நாம் கொட்டிய கரியமில வாயுவைத் திரும்ப எடுக்க முடியுமா?

புகைபோக்கியில் என்றால், தூத்துக்குடியிலேயே செய்தாயிற்று. 2016இல் அங்குள்ள அல்கலி கெமிக்கல்ஸ் ஆலை, நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்பாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. புகையில் அந்த வாயு நூற்றில் பத்துப் பங்குக்கு மேல் இருப்பதால் பிடிப்பது எளிது.

திறந்த வெளியில் கதை வேறு. காற்றின் ஏறக்குறைய 2,400 மூலக்கூறுகளில் ஒன்றுதான் கரியமில வாயு. ஒன்றுகூடத் தப்பாமல் பிடித்தாலும், ஒரு டன் சேர 13 லட்சம் கன மீட்டர் காற்றைச் சலிக்க வேண்டும். மின்விசிறிகள் காற்றை இழுக்கும், வேதிப்பொருள் வாயுவைப் பற்றிக்கொள்ளும், சூடாக்கினால் விட்டுவிடும். இந்தச் சூடுதான் ஆற்றலை விழுங்குகிறது. இயற்பியல் விதிப்படி டன்னுக்குச் சுமார் 130 யூனிட் போதும். இன்றைய இயந்திரங்களுக்கோ, வெப்பத்தையும் சேர்த்தால், 2,000 யூனிட் அளவில் தேவைப்படுகிறது. நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வாயுவைக் கக்குகிறது. அதை வைத்து ஒரு டன்னை எடுத்தால் இரண்டு டன் வெளியேறும்!

அதனால்தான் 2021இல், காற்றைச் சலிக்கும் ஓர்கா ஆலை, புவிவெப்பம் தாராளமாகக் கிடைக்கும் ஐஸ்லாந்தில் எழுந்தது. பிடித்த வாயுவை நீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள்; சில ஆண்டுகளில் அது கல்லாகிவிடுகிறது. எண்ணிப் பார்க்கவே வியப்பாக இருக்கிறது. ஆனால் அதன் திட்டத் திறன் ஆண்டுக்கு வெறும் 4,000 டன்.

முப்பந்தலில் காற்றுக்காலத்தில், மின்கட்டமைப்பு ஏற்க முடியாமல் காற்றாலைகளை நிறுத்திவைக்கும் நேரங்கள் உண்டு. அந்த மின்சாரத்தை இதற்குத் தரலாமே என்று தோன்றும். ஆனால் இவ்வளவு விலையுள்ள இயந்திரம் மீதி மாதங்களில் சும்மா கிடந்தால் கட்டுப்படியாகாது. அதே 2,000 யூனிட்டைச் சேமித்துவைத்து நிலக்கரி மின்சாரத்துக்குப் பதிலாகக் கொடுத்தால், ஏறக்குறைய இரண்டு டன் வாயு வெளியே வராமலே போகும்.

ஏற்கெனவே கொட்டியது நூற்றாண்டுகள் நிற்கும் என்பதால், காற்றைச் சலிக்கும் தொழில்நுட்பத்தை நாம் இப்போதே கற்றாக வேண்டும். ஆனாலும் அனல்மின் நிலையங்கள் எரியும் வரை, மலிவான காற்று மின்சாரத்துக்கு முதல் வேலை அவற்றை அணைப்பதுதான்.