மார்கழிப் பனியும் மாங்காய்க் கரையும்

பீரோவைத் திறந்து, மாங்காய்க் கரை போட்ட புடவை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக் கொள்ளுங்கள். இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மாங்காய்க் கரை இல்லாத பீரோ எங்கள் மதுரையில் கிடையாது. வளைந்த மூக்கும் பருத்த வயிறுமாக அந்த மாங்காய், கல்யாணப் பட்டின் ஓரத்திலாவது சுங்கடியின் முந்தானையிலாவது உட்கார்ந்திருக்கும்.

"இது நம்முடைய மாங்காய்தானே?" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன மார்கழியில் என் பெண் டெலிபோனில், "அம்மா, நம்ம மாங்காய்க்கு இந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள் தெரியுமா?" என்று சொன்னபோதுதான் எனக்கு விழித்துக் கொண்டது.

அவள் இருப்பது ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரத்துக்கு அடுத்தாற்போல் உள்ள பேய்ஸ்லி என்ற ஊரில். மாப்பிள்ளைக்கு அங்கே உத்தியோகம். "பேய் என்று ஆரம்பிக்கிற ஊருக்கா பெண்ணை அனுப்பினீர்கள்?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டாள். உண்மையில் அது நெசவாளர்களின் ஊர். சௌராஷ்டிரர்களும் தறிகளும் நிறைந்த நம் மதுரைக்கு ஒருவகையில் சம்பந்தி என்றே சொல்லலாம்.

காஷ்மீரத்துச் சால்வைகள் கப்பலேறி அந்தத் தேசத்துக்குப் போனபோது, சீமாட்டிகள் அவற்றின் மேல் உயிரையே வைத்தார்கள். விலையோ கொள்ளை விலை. பேய்ஸ்லி நெசவாளர்கள் சும்மா இருப்பார்களா? 1800-ஐ ஒட்டிய வருஷங்களில் அதே மாதிரிச் சால்வையைத் தங்கள் தறியிலேயே நெய்து மலிவாக விற்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய எழுபது வருஷம் அந்த வியாபாரம் ஓகோ என்று நடந்தது. பிறகு நாகரிகம் மாறிற்று; சால்வை போயிற்று. ஆனால் அதிலிருந்த மாங்காய்க்குப் 'பேய்ஸ்லி' என்ற பெயர் மட்டும் உலகமெங்கும் நிலைத்து விட்டது. பாரசீகத்தில் பிறந்து, காஷ்மீரத்தில் வளர்ந்த மாங்காய்க்கு நெய்து விற்றவன் ஊர்ப் பெயர்! இதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

புடவையை மடித்து வைத்துவிட்டு, இனித் தையல் பெட்டியைத் திறங்கள். அதிலும் பேய்ஸ்லி இருக்கிறது.

1806-இல் நெப்போலியன் கடல் வியாபாரத்தை மறித்ததால் பிரிட்டனில் பட்டு நூலுக்குப் பஞ்சம் வந்தது. தறியில் பாவு இழைகளைத் தூக்கிக் கொடுக்கும் விழுதுக்குப் பட்டு நூல்தான் வேண்டும். அப்போது பேய்ஸ்லியில் பாட்ரிக் கிளார்க் என்பவர், பருத்தி நூலையே பட்டுப்போல் வழவழப்பாக முறுக்கிப் பார்த்தார். விழுதுக்கு உதவிய அந்த நூல் ஊசிக்கும் உதவிற்று. அந்தக் கிளார்க் குடும்பத்தார் மரக்கட்டையில் நூலைச் சுற்றிக் கொடுத்து, கட்டைக்கு அரைப் பென்னி கூடுதலாக வாங்குவார்களாம்; வெறுங்கட்டையைத் திருப்பிக் கொடுத்தால் அரைப் பென்னி வாபஸ். காலி சோடாப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கினோமே, அந்த மாதிரி! 1826-இல் கோட்ஸ் குடும்பத்தார் அதே ஊரில் ஆலை வைத்தார்கள். 1896-இல் இரண்டு குடும்பத்து வியாபாரமும் ஒன்றாயிற்று. அந்த ஆலைகளில் வேலை செய்தவர்களில் பெரும் பகுதி பெண்கள்தான்.

ஆரப்பாளையத்துக்காரர்களுக்குக் 'கோட்ஸ்' என்ற பெயரை நான் விளக்க வேண்டியதில்லை. ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் 1880-களில் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும், 1890-களில் மதுரையிலும் பஞ்சாலைகள் வைத்தார்கள். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் ஹார்விபட்டி என்று ஒரு ஊரே அந்தப் பெயரைச் சுமந்து கொண்டிருக்கிறது. எங்கள் ஜனங்களுக்கு அது 'ஆர்வி மில்.' 1970-களில் அது கோட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து 'மதுரா கோட்ஸ்' ஆயிற்று. ஆக, பேய்ஸ்லி நூல்கண்டின் ஒரு நுனி எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் கட்டப்பட்டிருந்தது. என் மாமனார் அங்கே நூற்புப் பகுதியில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். கடிகாரம் பார்க்கத் தெரியாத காலத்திலும் ஆலைச் சங்கு கேட்டு உலை வைத்த வீடு இது.

இவ்வளவு சம்பந்தம் இருக்கிறதே, பேத்தி பேய்ஸ்லியில் வளர்வதில் மாமனாருக்குப் பெருமைதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல்!

ஏழு வயதுக் கொள்ளுப் பேத்தி போன டிசம்பரில் டெலிபோன் திரையில் வந்து நின்றாள். சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட பாவாடை. "தாத்தா, பள்ளிக்கூடத்தில் ஜனவரி மாதம் எல்லாரும் ஸ்காட்ஸ் பாஷையில் பாட்டு ஒப்பிக்க வேண்டும். நானும் ஒப்பிக்கப் போகிறேன்!" என்றாள். மாமனார் ஒன்றும் பேசவில்லை. திரை அணைந்ததும் என்னைப் பார்த்து, "ஏம்மா, துரைமார் பாட்டை நம்ம பிள்ளை பாட வேண்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் பிறந்த ஊர் தூத்துக்குடி. அங்கே ஹார்வி சகோதரர்களின் கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27-ஆம் தேதி தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னே நின்றார்கள். கூலி உயர்வும் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வும் கேட்டு, பத்து நாளுக்குள் ஜயித்தும் விட்டார்கள். ஆனால் மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி. கைதானார், அப்புறம் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்த கதை குழந்தைகளுக்கும் தெரியும். மதுரையில் 1918-இல் ரோசாப்பூத் துரை என்று ஜனங்கள் அன்போடு அழைத்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் முதலானவர்கள் ஆலைத் தொழிலாளர் சங்கம் கட்டினார்கள். இந்தக் கதைகளைச் சோற்றோடு பிசைந்து ஊட்டி வளர்த்த பிள்ளை என் மாமனார். அவர் கேட்ட கேள்விக்கு நான் சட்டென்று என்ன பதில் சொல்ல முடியும்? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

என் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "அம்மா, தாத்தா நினைக்கிற துரை வேறே. என் தெருவில் இருக்கிற பாட்டிமார் பலர் நூல் ஆலையில் வேலை செய்தவர்கள். தாத்தாவைப் போலவே சங்கு கேட்டு எழுந்தவர்கள்" என்றாள். அதற்கப்புறம் அவர்கள் எப்படிக் குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்து கொண்டேன்.

நமக்குக் குளிர் என்றால் என்ன? விடியற்காலையில் வைகைக் கரைப் பக்கம் கொஞ்சம் பனி மூட்டம். பால்காரர் தலையில் குரங்குக் குல்லாய், கழுத்தில் மப்ளர். எட்டு மணிக்கு வெயில் வந்து எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிடும். அங்கேயோ டிசம்பரில் சூரியன் எழுந்திருக்கவே எட்டே முக்கால். பிற்பகல் மூன்றே முக்காலுக்கெல்லாம் மறைந்து விடுகிறான். குழந்தை இருட்டில் பள்ளிக்கூடம் போய், அந்தி மயங்கும்போது வீடு திரும்புகிறாள். துணி உலர்த்த வெயில் கிடையாது; வீட்டுக்குள்ளே கொடி கட்டி, சூடு குழாய்ப் பக்கத்தில் காயப் போட வேண்டியதுதான். காலையில் ஓட்ஸ் கஞ்சி. அதில் சர்க்கரை போடாமல் உப்புப் போட்டுக் குடிப்பதுதான் பழைய மனிதர்களின் பழக்கமாம். கேழ்வரகுக் கூழ் குடிக்கிற நமக்கு இதில் ஆச்சரியம் என்ன?

வருஷக் கடைசி நாளை அவர்கள் 'ஹாக்மனே' என்கிறார்கள். 1958-க்கு முன்னால் ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் அரசாங்க விடுமுறையே அல்ல. ஹாக்மனேதான் பெரிய பண்டிகை. அன்று வீட்டை மூலை முடுக்கெல்லாம் பெருக்கித் துடைக்க வேண்டும். அடுப்புச் சாம்பலை வாரிக் கொட்ட வேண்டும். கடன் பாக்கி இருந்தால் தீர்த்துவிட வேண்டும். நம் போகியேதான்! கடனைத் தீர்க்கிற பகுதியை மட்டும் நாம் சௌகரியமாக மறந்து விட்டோம்.

நள்ளிரவு மணி அடித்ததும் வாசற்படியை முதலில் மிதிப்பவர் யார் என்பதில்தான் வேடிக்கை. உயரமாக, கறுத்த தலைமயிருடன் ஓர் ஆண்பிள்ளை கரித்துண்டும் உப்பும் ரொட்டியும் கொண்டு வந்தால் வருஷமெல்லாம் சுபிட்சம். செம்பட்டை முடிக்காரன் வந்தால் ஆகாது. அந்தக் காலத்தில் செம்பட்டை முடியுடன் கடல் தாண்டி வந்தவர்கள் கொள்ளைக்காரர்கள் என்ற நினைப்பாம். பெண் பிள்ளை வந்தாலும் ஆகாதாம்! இதைக் கேட்டதும் என் பெண்ணிடம், "சகுனத்துக்கு எங்கே போனாலும் நம்மைத்தான் பிடிக்காதா?" என்று கேட்டேன். "இப்போதெல்லாம் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை அம்மா" என்று சமாதானம் சொன்னாள்.

கறுத்த முடிக்கு இவ்வளவு மதிப்பு இருக்கும்போது எங்கள் மாப்பிள்ளையின் யோகத்தைக் கேட்பானேன்! தலை நிறைய மைக் கறுப்பு, ஆளும் ஆறடி. தெருவில் ஐந்து வீட்டுக்காரர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்து விட்டார்களாம். நம் ஊரில் பெண் பார்க்கப் போனபோது, "மாப்பிள்ளை கொஞ்சம் கறுப்பு" என்று இழுத்தார்களே, அவர்களெல்லாம் அந்த இரவில் பேய்ஸ்லியில் இருந்திருக்க வேண்டும்!

இன்னொன்று சொல்கிறேன். அங்கே நள்ளிரவு பன்னிரண்டு என்றால் நமக்குக் காலை ஐந்தரை. நான் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நேரம். சாணி உருண்டையில் பூசணிப்பூவை வைத்துக் கொண்டிருக்கும்போது டெலிபோன் மணி அடித்தது. மாமனார் குரங்குக் குல்லாயோடு திண்ணைக்கு வந்தார். திரையில் மாப்பிள்ளை கரித்துண்டும் கையுமாகப் பக்கத்து வீட்டு வாசலில் நிற்கிறார். கதவைத் திறந்தவள் எண்பது வயதுக் கிழவி. நூல் ஆலையில் வேலை பார்த்தவள் என்று என் பெண் சொல்லவும், மாமனார் திரையைக் கிட்டத்தில் இழுத்துக் கொண்டார். "எந்தப் பகுதியில் வேலை என்று கேளு" என்றார். கேட்டுச் சொன்னாள்; முறுக்குகிற பகுதி. "அங்கே பஞ்சுத் தூசி குறைச்சல், சத்தம் ஜாஸ்தி. காது எப்படியிருக்கிறது என்று கேளு" என்றார். ஒரு காது மந்தம் என்று பதில் வந்தது. மாமனார் தம் இடது காதைத் தொட்டுக் காட்டினார். அந்தக் கிழவி சிரித்தாள். இரண்டு பேருக்கும் அடுத்தவர் பாஷை ஒரு வார்த்தை தெரியாது.

அப்புறம் அவர் என்னிடம் கேட்டது, "அந்த அம்மாவுக்குப் பருத்திப்பால் கொடுத்திருக்கிறதா உன் பெண்?" என்பதுதான். வெளியூர்ச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன்: பருத்திக் கொட்டையை இரவே ஊற வைத்து அரைத்து, பாலை வடிகட்டி, அரிசி மாவு கரைத்து விட்டுக் கொதிக்க வைத்து, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், தேங்காய்ப்பூ சேர்த்து இறக்குவது. மதுரைக் குளிருக்கு இதுதான் மருந்து. பேய்ஸ்லியில் பருத்தி நூல் இருந்ததே தவிரப் பருத்திக் கொட்டை ஏது? சுக்குப் பொடியும் கருப்பட்டியும் பார்சலில் போயின. அதற்குப் பதிலாக அந்தக் கிழவி ஒரு பலகாரத்தின் பக்குவம் எழுதிக் கொடுத்தாள். மாவு, சர்க்கரை, உலர்ந்த திராட்சை, மசாலை, கொழுப்பு எல்லாம் பிசைந்து, கொதிநீரில் நனைத்து மாவு தூவிய துணியில் மூட்டை கட்டி, மூன்று நாலு மணி நேரம் வேக வைப்பது. புட்டுத்தோப்புப் பக்கத்தில் குடியிருக்கிற நமக்குத் துணி கட்டி அவிப்பதைச் சொல்லியா தர வேண்டும்? கொழுப்புக்குப் பதில் வெண்ணெய் போட்டு நானும் செய்து பார்த்தேன். முதல் தடவை மூட்டைக்குள் தண்ணீர் புகுந்து களியாகிவிட்டது. முடிச்சை இறுக்கிக் கட்ட வேண்டும்; ஆனால் மாவு உப்புவதற்கு இடமும் விட வேண்டும்.

ஜனவரி 25-ஆம் தேதி அவர்களுடைய கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்த நாள். 1759-இல் குடியானவர் வீட்டில் பிறந்தவர், ஏர் பிடித்தவர், முப்பத்தேழு வயதிலேயே காலமானவர். அவர் பெயரால் அன்றிரவு வீடுதோறும் விருந்து. ஆட்டின் ஈரல், இருதயம் முதலியவற்றைக் கொத்தி, ஓட்ஸோடும் வெங்காயத்தோடும் கலந்து, ஆட்டின் இரைப்பையில் அடைத்து அவித்த 'ஹாகிஸ்'தான் பிரதான பதார்த்தம். தட்டில் வைத்துப் பைக்குழல் ஊதி, ஊர்வலமாகக் கொண்டு வருவார்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள்! குடல் குழம்பும் சுவரொட்டியும் தேடிப் போய்ச் சாப்பிடுகிற மதுரைக்காரர்களுக்கு அந்த உரிமை கிடையாது. சைவர்களுக்காகப் பருப்பும் பயறும் வைத்த ஹாகிஸும் 1984-லிருந்து கடையில் கிடைக்கிறது.

"ஏர் பிடித்தவனா?" என்று கேட்டார் மாமனார். "துரை இல்லையா?"

"இல்லை, மாமா. பணக்காரர்களைக் கிண்டல் செய்து எழுதினவர் என்று சொல்கிறாள்."

பொங்கல் கழிந்த மறுவாரம் ஒரு சாயங்காலம் கொள்ளுப் பேத்தி திரையில் வந்து, கையைக் கட்டிக் கொண்டு பாட்டை ஒப்பித்தாள். நடுவில் ஒரு வரி மறந்து போய் விழித்தாள். மாமனார் தலையணையில் சாய்ந்தபடி, நல்ல காதைத் திரைப்பக்கம் திருப்பி வைத்துக் கேட்டுக் கொண்டிருந்தார்.

"அவசரப்படாதே, கண்ணு. முதலிலிருந்து இன்னொரு தரம் சொல்லு" என்றார்.