காற்றாலை வாங்கலாமா? முதலில் காற்றை அளக்க வேண்டும்!

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த ஒரு மாதக் காற்றைப் பார்த்துவிட்டு ஆண்டு முழுவதற்கும் மின்சாரக் கணக்குப் போட்டால், பறப்பது கைப்பணமாகத்தான் இருக்கும்.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. சொந்த ஊரில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலம் வைத்திருப்பவர்கள் இங்கே பலர். மாவு மில், தையல் கடை, லேத் பட்டறை என்று சிறு தொழில் நடத்துகிறவர்களும் உண்டு.

சீட்டுப் பணம் கைக்கு வரும்போதோ, வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தொகை கிடைக்கும்போதோ, "ஒரு காற்றாலை வைத்துவிட்டால் கரண்ட் பில்லே கிடையாதாமே!" என்ற பேச்சு எழுகிறது.

காற்றுக்கு விலை கிடையாது என்பது உண்மை. ஆனால் காற்றாலைக்கு விலை உண்டு. அந்த விலைக்குத் தகுந்த மின்சாரம் கிடைக்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எட்டு மடங்குக் கணக்கு

கடையில் "ஒரு கிலோவாட் காற்றாலை" என்று சொல்லி விற்கிறார்கள். ஒரு கிலோவாட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். ஒரு நாளைக்கு 24 யூனிட், மாதத்துக்கு 720 யூனிட் என்று மனம் கணக்குப் போட்டுவிடும்.

ஆனால் அந்த ஒரு கிலோவாட் எப்போது கிடைக்கும்? பெரும்பாலும் காற்று மணிக்கு 36 கிலோ மீட்டர் அல்லது அதற்கு மேல் அடிக்கும்போதுதான். மரக்கிளைகள் ஓயாமல் ஆடுகிற பலத்த காற்று அது.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதில் உள்ள சக்தி எட்டு மடங்காகிறது. வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. காற்றாலை பற்றிய விஷயங்களில் மிக முக்கியமானது இதுதான்.

மணிக்கு 36 கிலோ மீட்டர் காற்றில் 1,000 வாட் தரும் காற்றாலை, 18 கிலோ மீட்டர் காற்றில் 125 வாட்தான் தரும். காற்று 9 கிலோ மீட்டராகக் குறைந்தால் கணக்குப்படி 16 வாட் கூட வராது. அந்த வேகத்தில் பல காற்றாலைகள் சுற்றவே தொடங்குவதில்லை.

காற்று ஒரே சீராக அடிப்பதில்லை. வேகமாக அடிக்கும் சில மணி நேரங்கள் மொத்த விளைச்சலைக் கூட்டிக் கொடுக்கும். அதையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டுச் சராசரி வேகம் மணிக்கு 18 கிலோ மீட்டர் உள்ள நல்ல இடத்தில் இந்தக் காற்றாலை மாதம் சுமார் 150 யூனிட் தரலாம். சராசரி 11 கிலோ மீட்டர் உள்ள இடத்தில் 30 யூனிட்டைத் தாண்டுவதே கடினம்.

காற்றாலை ஒன்றுதான். இடம் மாறினால் பலன் ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது.

மாடியில் வைக்கலாமா?

ஸ்ரீராம்புரம் போன்ற நெருக்கமான பகுதியில் வீட்டு மாடியில் காற்றாலை வைக்கும் யோசனை பலன் தராது. சுற்றிலும் வீடுகளும் தண்ணீர்த் தொட்டிகளும் இருப்பதால் அங்கே காற்று சுழன்று சுழன்று வரும். திசை மாறி மாறி வரும் இந்தக் காற்றில் இறக்கை சீராகச் சுற்றாது. பேரிங் சீக்கிரம் தேயும். அதிர்வு கட்டடத்துக்கும் இறங்கும்.

சுற்றிலும் 300 அடிக்குள் இருக்கிற மரம், கட்டடம் எல்லாவற்றையும் விட இறக்கையின் கீழ் நுனி 30 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் பழைய விதி. மூன்று மாடி, நான்கு மாடி வீடுகள் நெருங்கி நிற்கிற தெருவில் அதற்கு எத்தனை உயரக் கம்பம் வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

தொழிலுக்கு என்றாலும் கணக்கு இடிக்கிறது. மாவு மில்லில் ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு நாளில் 6 மணி நேரம் ஓடினால் 20 யூனிட்டுக்கு மேல் செலவாகும். காற்றுக் குறைந்த இடத்தில் சிறு காற்றாலையின் ஒரு மாத உற்பத்தி, மில்லுக்கு இரண்டு நாளைக்குக் கூடப் போதாது.

ஊர் நிலத்தில் வைத்தால்?

தமிழ்நாட்டில் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986-ல் அமைந்த காற்றாலைப் பண்ணை நாட்டின் முதல் பண்ணைகளில் ஒன்று. பிறகு முப்பந்தல், கயத்தாறு, உடுமலை, பல்லடம் என்று அது பரவியது.

இவை தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்கள் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு ஆகிய இடங்களில் கணவாய்கள் உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளிகளில் புகுந்து நெருக்கிக்கொண்டு வேகமாக வெளியே வருகிறது. அதனால்தான் அங்கே காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன.

உடுமலை பக்கம் நிலம் உள்ளவருக்குக் கிடைக்கும் காற்றை வேலூர், திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலம் உள்ளவர் பொதுவாக எதிர்பார்க்க முடியாது. கணவாய்ப் பகுதியிலும் மே முதல் செப்டம்பர் வரைதான் நல்ல காற்று. மற்ற மாதங்களில் உற்பத்தி வெகுவாகக் குறையும்.

அளந்து பார்த்த அன்னா மணி

காற்றை அளக்கும் வேலையில் பெங்களூருக்குத் தனி இடம் உண்டு.

பீர்மேட்டில் 1918-ல் பிறந்த அன்னா மணி, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். பிறகு பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். இந்திய வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்து 1976-ல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின் மீண்டும் பெங்களூருக்கே வந்து ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் பணி செய்தார்.

1980-களில் நாடெங்கும் 700-க்கும் மேற்பட்ட இடங்களின் காற்று வேக விவரங்களைத் திரட்டும் பெரும் பணியை அவர் நடத்தினார். எங்கே காற்றாலை வைக்கலாம் என்பதற்கு அந்த அளவுகள் ஆதாரமாயின. அவர் 2001-ல் காலமானார்.

பல கோடி போட்டுப் பண்ணை அமைக்கும் கம்பெனிகள் இன்றும் முதலில் காற்றை அளந்து பார்த்துவிட்டுத்தான் பணம் போடுகின்றன. சேமிப்பில் பாதியைப் போடுகிற குடும்பத்துக்கு அந்த எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை.

தண்ணீர் இறைக்க உதவுமா?

பெங்களூரில் உள்ள என்.ஏ.எல். ஆய்வுக்கூடம் 1960-களிலேயே கிணற்று நீர் இறைக்கும் 12 இறக்கைக் காற்றாலையை வடிவமைத்தது. ஆரோவில்லிலும் இத்தகைய காற்றாலைகள் செய்யப்பட்டன. இவை மின்சாரம் தயாரிப்பதில்லை. இறக்கை மெதுவாகச் சுற்றினாலும் பம்புத் தண்டை மேலும் கீழும் இழுத்துத் தண்ணீரை ஏற்றும்.

ஆழம் குறைந்த கிணறாக இருந்தால் இது பயன் தரும். 100 அடி ஆழத்திலிருந்து 10,000 லிட்டர் தண்ணீர் ஏற்ற, பம்பில் வீணாவதையும் சேர்த்து, சுமார் 2 யூனிட் அளவுக்கு சக்தி வேண்டும். 1,000 அடி ஆழ்துளைக் கிணறு என்றால் அதே தண்ணீருக்குச் சுமார் 20 யூனிட் ஆகும். அது சிறு காற்றாலையின் சக்திக்கு மீறிய வேலை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் விவசாய இணைப்புக்கு மின்சாரம் இலவசம். கர்நாடகத்திலும் 10 குதிரைத்திறன் வரை இலவசம். இணைப்பு இருக்கிற தோட்டத்தில் காற்றாலை வைத்தால் மிச்சமாகும் பணம் எதுவும் இல்லை.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

எத்தனை கிலோவாட் என்று மட்டும் கேட்டால் போதாது. அது எந்தக் காற்று வேகத்தில் என்று கேட்க வேண்டும். மணிக்கு 18 கிலோ மீட்டர் சராசரிக் காற்றில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று எழுதி வாங்க வேண்டும்.

இறக்கை வட்டத்தின் விட்டத்தைக் கேட்க வேண்டும். காற்றில் உள்ள சக்தியில் 59 சதவீதத்துக்கு மேல் எந்த இயந்திரமும் எடுக்க முடியாது என்று ஜெர்மன் அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் 100 ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுக் காட்டினார். 5 அடி விட்டம் உள்ள காற்றாலை, 36 கிலோ மீட்டர் காற்றில் 650 வாட்டுக்கு மேல் தர வழியே இல்லை. நடைமுறையில் அதில் பாதி வந்தாலே நல்லது. அந்த அளவு காற்றாலையை "ஒரு கிலோவாட்" என்று ஒருவர் சொன்னால், எந்தக் காற்றில் என்று விடாமல் கேட்க வேண்டும்.

புயல் காற்றில் தானாக நிற்கும் பிரேக் உண்டா, கம்பம், பேட்டரி, இன்வெர்ட்டர் விலையில் சேர்ந்ததா, பழுது பார்க்க யார் வருவார் என்பவையும் முக்கியமான கேள்விகள்.

பணக் கணக்கு

எல்லாம் சேர்த்து 1 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். யூனிட் 8 ரூபாய் என்றும் கொள்வோம். மாதம் 30 யூனிட் வந்தால் மிச்சம் 240 ரூபாய், ஆண்டுக்கு 2,880 ரூபாய். போட்ட பணம் திரும்ப 34 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் காற்றாலையின் ஆயுளே முடிந்துவிடும்.

மாதம் 150 யூனிட் வரும் இடமாக இருந்தால் ஆண்டுக்கு 14,400 ரூபாய் மிச்சம். 7 ஆண்டில் முதல் திரும்பும். பேட்டரி மாற்றும் செலவும் பழுதுச் செலவும் இதில் சேரவில்லை.

அதே ஒரு கிலோவாட்டுக்குச் சூரிய ஒளித் தகடு வைத்தால் பெங்களூரில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட், மாதம் 120 யூனிட் கிடைக்கும். சுற்றும் பாகம் எதுவும் இல்லாததால் தேய்மானமும் குறைவு. வீட்டு மாடிக்கு அதுவே பொருத்தம்.

காற்றாலைக்கும் இடம் உண்டு. மின்கம்பி எட்டாத மலையோரத் தோட்டம், நல்ல காற்றுள்ள கடலோரம், கணவாய்ப் பகுதி ஆகியவற்றில் அது உதவும். ஆனி, ஆடியில் மேகம் மூடி வெயில் குறையும்போது அங்கே காற்று ஏறும். அதனால் சூரிய ஒளித் தகட்டுடன் சேர்த்து வைத்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்யும்.

ஓராண்டு பொறுமை

காற்றை அளக்க 'அனிமோமீட்டர்' என்ற கருவி உண்டு. சிறு கிண்ணங்கள் காற்றில் சுழன்று வேகத்தைக் காட்டும். அளவுகளைத் தானே பதிவு செய்யும் வகை நல்லது. காற்றாலை நிற்கப் போகும் அதே உயரத்தில், அதே இடத்தில், ஓராண்டு வைத்துப் பார்க்க வேண்டும். உயரம் இரு மடங்கானால் திறந்தவெளியில் கிடைக்கும் சக்தி மூன்றில் ஒரு பங்கு வரை கூடுவதால், தரையில் நின்று அளப்பது உதவாது.

சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் காற்று வரைபடங்களை வெளியிட்டுள்ளது. அவை பெரிய காற்றாலைகள் நிற்கும் உயரங்களுக்கு உரியவை. ஊருக்கு ஊர் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். 40 அடிக் கம்பத்துக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஓராண்டு அளந்த பிறகு சராசரி மணிக்கு 16, 18 கிலோ மீட்டர் என்று வந்தால் விலை விசாரிக்கலாம். 11, 12 என்று வந்தால் கருவிக்குக் கொடுத்த பணத்தோடு செலவு நின்றது. சீட்டுப் பணம் பத்திரமாகக் கையில் இருக்கும்.