அளவோடு கறக்கும் கருவி

பசுவின் மடியருகே அமர்ந்து கையால் பால் கறப்பவரைச் சற்றே உற்று நோக்குவோம். அவர் காம்பை அழுத்துகிறார், விடுகிறார், மீண்டும் அழுத்துகிறார். கன்றும் அவ்வாறே உறிஞ்சும். விழுங்கும் பொருட்டு ஒரு கணம் நிறுத்தும். அந்த ஒரு கண ஓய்வில்தான் காம்பில் திரண்ட இரத்தம் கலைந்து செல்கிறது. கன்று இயல்பாகவே அறிந்திருந்த இவ்வுண்மையை இயந்திரத்திற்குக் கற்பிக்க மனிதனுக்குச் சில ஆண்டுகள் ஆயின.

1889-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கில்மார்னக் நகரைச் சேர்ந்த வில்லியம் மர்ச்லண்ட் என்பவர் வெற்றிடத்தின் உறிஞ்சு விசையால் பால் கறக்கும் கருவி ஒன்றை அமைத்தார். பால் வந்தது உண்மையே. ஆனால் அக்கருவி இடைவிடாது உறிஞ்சியது. ஓய்வின்றி இழுக்கப்படும் காம்பில் இரத்தம் தேங்கும், காம்பு வீங்கும், பசு வேதனையுறும். 1895-இல் கிளாஸ்கோ நகரத்து அலெக்சாண்டர் ஷீல்ட்ஸ், உறிஞ்சுதலை விட்டு விட்டு நிகழச் செய்யும் துடிப்புக் கருவியைச் சேர்த்தார். இன்றைய இயந்திரங்களில் ரப்பர் உறை நிமிடத்திற்கு ஏறத்தாழ 60 முறை விரிந்து சுருங்கி, காம்புக்கு ஓய்வளிக்கிறது.

துடிப்பு மட்டும் போதுமா? போதாது. உறிஞ்சும் விசையும் அளவோடு நிற்க வேண்டும். இதற்கென அமைந்ததே வெற்றிடச் சீராக்கி, அதாவது ரெகுலேட்டர்.

குவளையைக் காம்பில் பொருத்தும்போதும், அது நழுவும்போதும் வெளிக்காற்று குழாயினுள் புகும். அதனை ஈடுசெய்யவே பம்பு தேவைக்கு மிகுதியான ஆற்றலுடன் அமைக்கப்படுகிறது. ஆயின், எல்லாக் குவளைகளும் நன்கு பொருந்தியிருக்கையில் அம்மிகுதியே தீங்காகிவிடும். வெற்றிடம் ஏறிக்கொண்டே போகும். அப்போது சீராக்கியின் வால்வு திறந்து, வேண்டிய அளவு காற்றை உள்ளே விடுகிறது. குவளை ஒன்று நழுவி வெற்றிடம் குறைந்தால் வால்வு மூடிக்கொள்ள, பம்பின் முழு ஆற்றலும் இழப்பை ஈடுசெய்யச் செல்கிறது. இவ்வாறு குழாயின் வெற்றிடம் பொதுவாக 40 முதல் 50 கிலோபாஸ்கலுக்குள், அதாவது பாதரச அளவில் ஏறத்தாழ 12 முதல் 15 அங்குலத்திற்குள், நிலைநிறுத்தப்படுகிறது.

இந்த அளவு தவறினால் நேர்வது என்ன? மிகுந்தால் காம்பின் நுனி தடித்துக் கடினமாகும். குறைந்தால் குவளைகள் கழன்று விழும். கறவை நேரம் நீளும். திடீரென ஏறி இறங்குவதோ மிகக் கொடிது. அவ்வேளையில் பால் துளிகள் காம்பு நுனியை நோக்கித் திரும்ப வீசப்பட்டு, நோய்க்கிருமிகளையும் உடன் கொண்டு செல்லக்கூடும். மடிநோய்க்கு அதுவும் ஒரு வழி. மடிநோய் கண்டால் பால் திரியும். மருந்து செலுத்தியபின் குறித்த நாட்கள்வரை பாலைக் கொட்டிவிட நேரும். சிலவேளை மடியின் ஒரு பகுதி என்றென்றைக்கும் வற்றிவிடும். பாலை நம்பி வாழும் குடும்பத்திற்கு இது சிறிய இழப்பன்று.

ஆகவே இயந்திரம் வைத்திருப்போர் நாள்தோறும் அழுத்தமானியைப் பார்த்தல் வேண்டும். சீராக்கியின் வடிகட்டியில் தூசி படிந்தால் வால்வு உரியபடி இயங்காது. அதனைத் தவறாது துப்புரவு செய்தல் வேண்டும். கறவை நடக்கும்போது சீராக்கியில் காற்று புகும் ஓசை கேட்பது நன்று. அது பம்பில் ஆற்றல் எஞ்சியிருப்பதன் அடையாளம். அவ்வோசை கேளாதிருந்தால் கசிவு உண்டா, பம்பு தளர்ந்துவிட்டதா, வால்வு சிக்கியதா என்று உடனே ஆராய்தல் நலம்.

பசு வாய் திறந்து முறையிடாது. ஆயினும் குவளையை உதைப்பதும், கால் மாற்றி மாற்றி நிற்பதும், குவளை கழற்றியபின் காம்பு நீலம் பாரித்திருப்பதும் அதன் முறையீடுகளே. குறையைப் பசுவிடம் தேடுமுன் கருவியிடம் தேடுவோம். கன்று தரும் அந்த ஒரு கண ஓய்வை நாமும் தர மறவாதிருந்தால், மடியும் நலமுறும், மனையும் நலமுறும்.