சுண்ணாம்புக் கல்லின் அமைப்பு

அரியலூர் வட்டாரத்தில் நிலத்தைத் தோண்டுவோர் சிப்பிகளும், நத்தையைப்போற் சுருண்ட உருவங்களும் பதிந்த பாறையைக் காண்பது புதுமையன்று. கடற்கரைக்கு வெகு தொலைவிலுள்ள அம்மேட்டு நிலத்திற்குச் சிப்பி வந்தது எவ்வாறு? ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகள் அடியிற் படிந்து, மேற்படிவுகளின் பாரத்தால் இறுகி, சுண்ணாம்புச் சத்தினாலேயே ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாயின. சாளக்கிராமமென்று பூஜிக்கப்பெறும் கண்டகி நதிக் கல்லும் இத்தகைய சுருண்ட உயிரொன்றின் பதிவேயாகும்.

தூய சுண்ணாம்புக் கல்லின் எடையில் நூற்றுக்கு 56 பங்கு சுண்ணாம்பு; எஞ்சிய 44 பங்கு கரியமில வாயு. காளவாயில் சுமார் 900 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் இவ்வாயு பிரிந்து செல்கின்றது. ஆகவே 100 கிலோ கல்லைச் சுட்டு 70 கிலோ கிடைப்பின், அதனை இலாபமென்று மகிழ்தல் தவறு. கல் முழுதும் வேகவில்லை, அல்லது அதில் மணலும் களிமண்ணும் மிகுதி என்பதே பொருள். நீற்றிய சுண்ணாம்பு சுவரிற் பூசப்பட்டபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மீண்டும் ஏற்று, சிறுகச் சிறுகப் பழைய கல்லாகவே மாறுகின்றது. கல்லைப் பொடித்து எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நுரை எழும். மக்னீசியம் மிகுந்த கல்லாயின் நுரைப்பது மிகக் குறைவு.

விவசாயிகள் இங்கு ஒன்றைக் கருத வேண்டும். நீலகிரியைப் போன்ற மலைப்பகுதிகளின் புளித்த நிலத்திற்குச் சுண்ணாம்புக் கல்மாவு நல்ல மருந்து. சோடா உப்பேறிய களர் நிலத்திற்கோ அதனைக் கொட்டுவது வீண் செலவு. களர் மண்ணில் இக்கல் பெரும்பாலும் கரைவதில்லை. அங்கு வேண்டுவது ஜிப்சம். அது நீரிற் கரைந்து சோடாவை வெளியேற்ற உதவும். இரண்டும் வெண்பொடியாய்த் தோன்றுவதால் ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிடுதல் எளிது. மண்ணைச் சோதித்து அறிந்த பின்னரே வண்டி பூட்டுவது நலம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியது குடிநீர்க் கிணறு. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இறங்குங்கால் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளை அரித்து அகலமாக்குகின்றது. மணற்பாங்கான நிலத்தில் நீர் வடிகட்டப்படுவதுபோல இங்கு நிகழ்வதில்லை. கக்கூஸ் குழியின் அழுக்கு ஒரு வெடிப்பில் இறங்கினால் வெகு விரைவிற் கிணற்றை எட்டலாம். நீர் பளிங்குபோல் இருப்பினும் அது சுத்தத்திற்குச் சான்றாகாது. இத்தகைய பாறையில் வெட்டும் கிணற்றை எருக்குழிக்கும் கக்கூஸுக்கும் எட்டத்தில், மேட்டுப்பக்கமாக அமைத்தல் வேண்டும். மழை பெய்தவுடன் கிணற்று நீர் கலங்குமாயின், மேல்நீர் வெடிப்பின் வழியே நேரே இறங்குகிறதென்று கொண்டு, பிளீச்சிங் பவுடர் இட்ட பின்னரே அந்நீரைப் பருகக் கொடுத்தல் வேண்டும்.