பூவை எண்ணியவள், பாட்டை எண்ணாதவன்

அம்பிகாபதி – அமராவதி கதை தெரிந்த யாரிடமும் "அவர்கள் ஏன் செத்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் குலோத்துங்கன் மேல் பழி போடுவார்கள். கொஞ்சம் படித்தவர்கள் அவைப்புலவர் ஒட்டக்கூத்தரின் பொறாமை என்பார்கள். மிச்சப் பேர் சொல்வது ஒன்றுதான்: "ஒரு பாட்டு எண்ணிக்கை தப்பிப்போச்சு." மூன்றும் கதையில் இருப்பவைதான். ஆனால் மூன்றையும் எடுத்துவிட்டாலும் இந்த இரண்டு பேரும் வேறு ஏதாவது ஒரு வழியில் அகப்பட்டிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவன் குணம் அப்படி, அவள் குணம் அப்படி. இரண்டும் சேர்ந்த விதம் அதைவிட ஆபத்தானது.

சிவகாசியிலும் விருதுநகரிலும் ஆங்கில இலக்கியம் எடுத்துப் படிக்கும் பிள்ளைகளை ரோமியோ – ஜூலியட் குணங்களை ஒப்பிடச் சொன்னால் கைடு கைகொடுக்கும். நம்மூர் ஜோடிக்குக் கைடு கிடையாது. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் கதை. கம்பரின் மகன் அம்பிகாபதி. சோழ மன்னன் குலோத்துங்கனின் மகள் அமராவதி. இருவருக்கும் காதல். புலவன் வீட்டுப் பையனுக்கு அரண்மனைப் பெண்ணா என்று அரசனுக்கு ஆத்திரம். கடைசியில் ஒரு சோதனை வைக்கிறார்கள்: காமம் கலவாமல், தெய்வத்தையே நினைத்து 100 பாட்டு பாட வேண்டும். பாடினால் பிழைத்தான், தவறினால் தலை போகும். மறைவில் இருக்கும் அமராவதி 100 பூவை வைத்துக்கொண்டு பாட்டுக்கு ஒன்றாக எடுத்துப் போடுகிறாள். கடைசிப் பூவும் விழுந்தது. வெளியே வந்து பார்க்கிறாள். அவளைக் கண்டதும் அம்பிகாபதி அவள் அழகைப் பாடிவிடுகிறான். ஆனால் அவன் முதலில் பாடியது காப்புச் செய்யுள். அது கணக்கில் சேராது. ஆக, முடிந்திருந்தது 99 தான். நூறாவது பாட்டு அமராவதி மேல் அமைந்துவிட்டது. அவனுக்கு மரண தண்டனை. அவளும் உயிரை விடுகிறாள். சொல்பவருக்குச் சொல்பவர் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும்; சாரம் இதுதான்.

நடந்த கதையா என்றால், ஒட்டக்கூத்தர் நிஜம். விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என மூன்று அரசர்களின் அவையிலும் இருந்தவர், மூவர் மேலும் உலா பாடியவர். கம்பரும் நிஜம். அமராவதிக்குக் கல்வெட்டும் கிடையாது, செப்பேடும் கிடையாது. தனிப்பாடல்களைச் சுற்றி வாய்வழியாக வளர்ந்து, வீராசாமி செட்டியாரின் 'வினோதரச மஞ்சரி' போன்ற 19-ஆம் நூற்றாண்டு நூல்கள் வழியாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த கம்பர் கதைகளின் கூட்டத்தைச் சேர்ந்தது இது. அதனால் இந்த இருவரின் குணமும் ஒரு கவிஞன் உட்கார்ந்து எழுதியது அல்ல. பல தலைமுறை சொல்லிச் சொல்லித் தேய்த்து உருவாக்கியது. தேவையில்லாதது எல்லாம் உதிர்ந்துபோய், மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு சம்பவமும் குணத்தைக் காட்டுவதாகவே நிற்கிறது.

அம்பிகாபதியைத் தெரிந்துகொள்ள நூறு பாட்டுக் காட்சியைவிட விருந்துக் காட்சிதான் முக்கியம் என்பேன். அரண்மனையில் விருந்து. கம்பரும் மகனும் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். தன் மகளுக்கும் அம்பிகாபதிக்கும் இடையில் ஏதோ இருக்கிறது என்று அரசனுக்குச் சந்தேகம்; அதனால் அமராவதியையே பரிமாறச் சொல்லியிருக்கிறான். அவள் கனமான பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடிமேல் அடி வைத்து வருகிறாள். கால் நோகுமே என்று அம்பிகாபதி பாடத் தொடங்கிவிட்டான்! அரசன் எதிரில், அப்பா பக்கத்தில், ஒட்டக்கூத்தர் காது கேட்க. சந்தேகம் வந்தவன் விரித்த வலை என்று தெரியாமல் இல்லை. தெரிந்தாலும் வாய் நிற்கவில்லை.

கம்பர் சட்டென்று மிச்சப் பாட்டைத் தானே பாடி முடிக்கிறார். தெருவில் கொட்டிக்கிழங்கு விற்றுக்கொண்டு போகும் ஒருத்தியைப் பற்றிய பாட்டாக அது மாறிவிடுகிறது. அரசன் ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னால், நிஜமாகவே ஒருத்தி கொட்டிக்கிழங்கு கூடையோடு போய்க்கொண்டிருக்கிறாள். கம்பர் வாக்கைக் காப்பாற்ற சரஸ்வதியே அந்த வேஷத்தில் வந்தாள் என்பது கதை.

இதில் மகன் என்ன கற்றுக்கொண்டான்? வாயை அடக்க வேண்டும் என்று கற்றிருக்கலாம். அவன் கற்றது வேறு: பாட்டு நன்றாக இருந்தால் எப்படியும் தப்பிக்கலாம், அப்பா இருக்கிறார், மிஞ்சினால் சரஸ்வதி இருக்கிறாள். பெரிய மனிதர்களின் பிள்ளைகளிடம் இதை நாம் பார்த்திருக்கிறோம். துணிச்சல் போலத் தெரியும். உண்மையில் அது இதுவரை எந்தத் தப்புக்கும் விலை கொடுத்துப் பழகாததால் வரும் தைரியம். அம்பிகாபதியைக் காதல் குருடாக்கிவிட்டது என்பார்கள். அவன் காதலிக்காவிட்டாலும் வேறு எதையாவது பாடி மாட்டியிருப்பான்.

அதே விருந்தில் அமராவதி என்ன செய்தாள் என்று யாரும் கேட்பதில்லை. கதையில் அவளுக்கு அங்கே ஒரு வார்த்தை கூட இல்லை. தன்னைப் பற்றித்தான் பாடுகிறான் என்று தெரியும். அப்பா தன் முகத்தையே பார்க்கிறார் என்றும் தெரியும். ஒரு தடுமாற்றமும் காட்டாமல் பரிமாறிவிட்டுப் போகிறாள். நெஞ்சில் இருப்பதை முகத்தில் காட்டாத பெண். காவலுக்குள்ளே வளர்ந்தவளுக்கு அது வந்துதான் ஆக வேண்டும். அவனுக்குக் காதல் என்பது வெளியே கொட்டுவது. அவளுக்குக் காதல் என்பது உள்ளே வைத்துக் காப்பது.

நூறு பூக்கள் அவள் குணத்தின் தொடர்ச்சிதான். சபையில் அவன் பாடலாம். அவளுக்கு அங்கே வாய் கிடையாது. அவளால் முடிந்தது எண்ணுவது. பாட்டின் பொருளைக் கூட அவள் ரசித்திருக்க மாட்டாள், பூவை விட்டுக் கவனம் போனால் கணக்குப் போய்விடும். அத்தனை பாட்டுக்கும் அசையாமல் இருந்தவளைத்தான் "பொம்பளை அவசரப்பட்டுட்டா" என்று நம் ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அவசரப்படுகிறவள் ஐம்பதாவது பாட்டிலேயே எட்டிப் பார்த்திருப்பாள். அவள் கணக்குச் சரி. கையில் இருந்த பூ தீர்ந்த பிறகுதான் வந்தாள். காப்புச் செய்யுளை எண்ணக் கூடாது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை.

அது யாருக்குத் தெரியும்? பாடியவனுக்குத் தெரியும். யாப்பு படித்தவன், கம்பர் வீட்டில் வளர்ந்தவன். காப்பு கணக்கில் சேராது என்பது அவனுக்குப் பாலபாடம். ஆனால் அவன் எண்ணவே இல்லை. எண்ணும் வேலையை அவளிடம் விட்டுவிட்டான். அவள் வெளியே வந்தால் முடிந்தது என்று பொருள், அவ்வளவுதான். விதி தெரிந்தவன் எண்ணவில்லை. எண்ணியவளுக்கு விதி தெரியாது. இந்த இடத்தில்தான் இரண்டு குணமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அவன் தன்னைப் போலவே இன்னொரு வாயாடியைக் காதலித்திருந்தால் இருவரும் விருந்திலேயே பிடிபட்டிருப்பார்கள். அவள் தன்னைப் போல ஒரு அழுத்தக்காரனைக் காதலித்திருந்தால் சோதனையே வந்திருக்காது.

பட்டாசு ஆலையில் விபத்து என்றால் மறுநாள் பத்திரிகையில் "உராய்வு ஏற்பட்டதில்" என்று ஒரு சொல் தவறாமல் இருக்கும். அது பொய் இல்லை. ஆனால் ஒரு அறையில் இத்தனை பேர்தான் என்ற கணக்கை மீறி ஆள் இருந்தது, அளவுக்கு மேல் மருந்து இருந்தது, உள்குத்தகைக்கு விட்டிருந்தது, மரத்தடியில் வைத்து வேலை நடந்தது என்பதெல்லாம் விசாரணையில் ஒவ்வொன்றாக வெளியே வரும். சிவகாசிப் பக்கத்து வாசகர்களுக்கு உராய்வைக் காரணம் என்று சொன்னால் போதாது என்பது தெரியும். காப்புச் செய்யுள் கணக்கு அந்த உராய்வு. ஷேக்ஸ்பியரும் ரோமியோ கதையில் வரும் பாதிரியார் வாயால், நெருப்பும் வெடிமருந்தும் கூடும் கூட்டு என்றே இப்படிப்பட்ட காதலைச் சொல்லவைக்கிறார்.

ரோமியோ – ஜூலியட் 1590-களின் நாடகம். 1597-ல் முதலில் அச்சானது. அங்கேயும் இதே மாதிரியான பாகுபாடு இருப்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நாடகம் தொடங்கும்போது ரோமியோ வேறொருத்தியை நினைத்து உருகிக்கொண்டிருக்கிறான். ஜூலியட்டைப் பார்த்த நொடியில் அந்தப் பழையவளின் பெயரே மறந்துபோகிறது. பேச்சு, சத்தியம், உவமை எல்லாம் அவனிடம் கொட்டிக் கிடக்கின்றன. ஜூலியட்டுக்கு 14 வயது கூட நிறையவில்லை. ஆனால் இது மிக வேகமாகப் போகிறதே என்று தயங்குவது அவள். கல்யாணம் என்றால் எங்கே, எப்போது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பு என்று காரியத்துக்கு வருவதும் அவள். தூக்க மருந்தைக் குடிக்கும் முன் என்னென்ன தப்பாகப் போகலாம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பதும் அவள்தான். பையன் பேசுவான், பெண் கணக்குப் போடுவாள் என்ற ஏற்பாடு வெரோனாவிலும் சோழ நாட்டிலும் ஒன்றாகவே இருக்கிறது.

வேறுபாடு முடிவில் இருக்கிறது. ஜூலியட் சாகவில்லை, தூங்குகிறாள் என்ற கடிதம் ரோமியோவுக்குப் போய்ச் சேரவில்லை. கொள்ளைநோய்ப் பயத்தில் கடிதம் கொண்டுபோன துறவியை ஒரு வீட்டில் அடைத்துவிட்டார்கள். அது வெளியே இருந்து வந்த விபத்து. அம்பிகாபதி கதையில் அப்படி ஒரு கடிதமோ நோயோ இல்லை. ஒருவருக்கொருவர் கண்ணுக்கு எட்டிய தூரத்தில், ஒரே சபையில், அவரவர் சுபாவப்படி நடந்துகொண்டே அழிகிறார்கள். கட்டுக்கோப்பில் நம் வாய்மொழிக் கதை ஒரு படி மேல் என்று சொன்னால் ஆங்கிலப் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது.

அமராவதிக்குப் பேச்சு வந்தது 1937-ல். எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய 'அம்பிகாபதி'யில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் எம்.ஆர். சந்தானலட்சுமியும் நடித்தார்கள். டங்கனுக்குத் தமிழ் தெரியாது, ஷேக்ஸ்பியர் தெரியும். ரோமியோ – ஜூலியட்டின் உப்பரிகைக் காட்சியை எடுத்து வசனகர்த்தா இளங்கோவனிடம் கொடுத்து, அதைத் தழுவி எழுதவைத்தார். பூ எண்ணிக்கொண்டிருந்தவள் ஜூலியட்டின் வாயைக் கடன் வாங்கிப் பேசினாள். படம் பெரிய வெற்றி. 1957-ல் பி. நீலகண்டன் இயக்கத்தில் சிவாஜியும் பானுமதியும் நடித்தபோது அமராவதி இன்னும் நிமிர்ந்துவிட்டாள். பானுமதி நடித்தால் எந்தப் பாத்திரத்துக்கும் முதுகெலும்பு வந்துவிடும். ஆனால் அப்படிப்பட்ட பெண் எதற்காக மறைவில் உட்கார்ந்து பூவை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

காதலைத் தானே பாடிய பெண்ணைத் தேடி விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையிலும் பூதான் இருந்தது. பெருமாளுக்கு என்று கட்டிய மாலையைத் தான் சூடிப் பார்த்துவிட்டு அனுப்பினாள். திருப்பாவையில் 30, நாச்சியார் திருமொழியில் 143 என்று தானே பாடினாள். அமராவதியின் அடக்கமும் அம்பிகாபதியின் வாயும் ஒரே ஆளிடம் அமைந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அவள் உதாரணம். காதலனிடம் எண்ணும் வேலையையும் விடவில்லை, பாடும் வேலையையும் விடவில்லை.

கம்பர் என்ன ஆனார் என்று கேட்கலாம். மகன் போன துக்கத்தில் சோழ நாட்டையே வெறுத்து அலைந்து, நமக்குப் பக்கத்து மாவட்டமான சிவகங்கையில் நாட்டரசன்கோட்டையில் வந்து அடங்கினார் என்பது வழிவழிச் செய்தி. அங்கே அவர் சமாதிக் கோயில் இருக்கிறது. காரைக்குடிக் கம்பன் கழகத்தார் நடத்தும் கம்பன் விழாவின் நிறைவு நாள் அங்கேதான்.

கதையின் முடிவை மாற்றினால் என்ன என்ற ஆசை புதிதல்ல. 2025 ஆகஸ்டில் அது வேறு வடிவத்தில் நிறைவேறியது. தனுஷ் நடித்த 'ராஞ்சனா' 2013-ல் தமிழில் 'அம்பிகாபதி' என்ற பெயரில்தான் வந்தது. அந்தத் தமிழ்ப் படத்தைப் பட நிறுவனம் மீண்டும் வெளியிட்டபோது, செயற்கை நுண்ணறிவின் உதவியோடு முடிவை மாற்றி, இறக்க வேண்டிய நாயகனைக் கண் விழிக்க வைத்துவிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார், படத்தின் உயிரையே எடுத்துவிட்டார்கள் என்று தனுஷும் சொன்னார்.

பழைய அம்பிகாபதிக்கு இதைச் செய்ய எந்திரம் தேவையில்லை. கதை சொன்னவர்களிடமே சரஸ்வதி இருந்தாள், விருந்து நாளில் கொட்டிக்கிழங்குக் கூடையோடு தெருவுக்கு வந்தவள். நூறாவது பாட்டின்போது அவளை இன்னொரு முறை கூப்பிட எந்தக் கதைசொல்லிக்கும் தடை இருக்கவில்லை. இத்தனை தலைமுறையில் ஒருவரும் கூப்பிடவில்லை.